இங்கே நிற்காத எக்ஸ்பிரஸ்

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இரண்டு விசில் கேட்டால் போதும், என் கால் தானாக நடக்க ஆரம்பித்துவிடுகிறது. எல்லாம் அந்த மனிதர் செய்த வேலை.

சுகர் ஏறிவிட்டது, தினமும் நடந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். மகள் வீட்டில் தங்கியிருந்த நாட்களில் வீராணம் ஏரிக்கரைக்கு நடக்கப் போனேன். அங்கேதான் அவர் பழக்கமானார். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். தோல் பை தொங்கித் தொங்கி இடது தோள் இறங்கியிருந்தது. பை போய்விட்டது, கழுத்தில் விசில் மட்டும் இருந்தது.

எப்போதும் எனக்குப் பின்னால்தான் நடப்பார். கரையோர மரங்கள்தான் அவருக்கு ஸ்டாப்பிங். புளியமரத்தடியில் ஒரு விசில் கொடுத்தால் நான் நிற்க வேண்டும். மூச்சு வாங்கி முடித்ததும் இரண்டு விசில், கிளம்ப வேண்டும். ஏரியில் மிதக்கும் நீர்க்காகங்கள்கூடத் திரும்பிப் பார்க்கும்.

மதகுக்குப் பக்கத்தில் ஒரு பஜ்ஜிக் கடை. வாசனை வந்ததும் என் நடை தளரும். உடனே இரண்டு விசில்.

“ஒரே ஒரு வாழக்கா பஜ்ஜிதாங்க,” என்று கெஞ்சினேன்.

“இது எக்ஸ்பிரஸ் சார். இங்கல்லாம் நிக்காது. போங்க, போங்க!”

ஒருநாள் நான் கிளம்பத் தாமதமாகிவிட்டது. எந்த மரத்தடியிலும் அவரைக் காணோம். பஜ்ஜிக் கடையில் நின்றிருந்தார். கையில் ஒரு பஜ்ஜி, வாயில் ஒன்று. என்னைப் பார்த்தும் கொஞ்சமும் அசரவில்லை. நிதானமாக மென்று விழுங்கினார்.

“வண்டி பிரேக்டவுன் சார். பின்னால வர்றதுல ஏறிக்குங்க.”

திரும்பிப் பார்த்தேன். கரை நெடுக ஒருவரும் இல்லை. எப்படியும் காத்திருக்கத்தானே வேண்டும் என்று நானும் ஒரு பிளேட் சொன்னேன்.