பம்பருக்குப் பின்னால் ஒரு பொய்

என் மகளுக்கு வியர்க்காது. பிறவியிலேயே வியர்வைச் சுரப்பிகள் இல்லை. இதைச் சொன்னால், "நல்லதுதானே, பவுடர் செலவு மிச்சம்" என்று பகிடி விடுகிற ஆட்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அப்படிச் சொன்னவர்களோடு நான் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வியர்க்காத உடம்பு வெயிலில் சூடேறிக்கொண்டே போகும், தானாக ஆறாது. ஈரத்துணி, விசிறி, நிழல் என்று பார்த்துப் பார்த்துத்தான் அவளைப் பதினைந்து வயது வரை கொண்டுவந்து சேர்த்தேன்.

அவளுக்காகவே அந்தக் காரை வாங்கினோம். ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்தது. அவளுடைய தகப்பன் கட்டாரில் நின்று உழைத்து அனுப்பிய காசு. காரில் ஏசி இருந்தது. அதைவிட எனக்குப் பிடித்தது, ஸ்டியரிங்குக்கு முன்னால் வெளிச் சூட்டைக் காட்டுகிற சின்ன எண். முப்பத்திரண்டு வரை என்றால் மகள் இறங்கலாம். முப்பத்திமூன்று என்றால் கதவைத் திறக்கக் கூடாது. டாக்டர் சொன்ன கணக்கல்ல, நான் போட்ட சட்டம்.

கல்லடியில் அவளுடைய பின்னேர ரியூசன் வகுப்பு தகரக் கூரைக்குக் கீழேதான் நடக்கும். வாசலில் காரை நிறுத்தி எண்ணைப் பார்ப்பேன். கூடுதலாக இருந்தால் ஒரு சொல் பேசாமல் காரைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவேன். அவள் பின்சீட்டில் புத்தகப் பையைக் கட்டிப்பிடித்தபடி என்னை முறைப்பாள். முறைக்கட்டும். முறைப்பதற்கு உயிர் இருக்கிறதுதானே.

போன மாரியில் வவுணதீவுப் பக்கம் ஒரு எருமை குறுக்கே வந்து காரின் முன்பம்பரை உடைத்துவிட்டது. என் ஒரே தம்பி கராஜ் வைத்திருக்கிறான். அவன்தான் பம்பரைக் கழற்றி வேறு போட்டுத் தந்தான். அதற்குப் பிறகு அந்த எண் நல்ல பிள்ளையாகிவிட்டது. முப்பத்திரண்டைத் தாண்டுவதேயில்லை. மகள் ஒழுங்காக வகுப்புக்குப் போனாள். சித்திரை வெயிலில் எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது உண்மைதான். ஆனால் நாற்பத்தைந்தைத் தாண்டிய பொம்பளைக்குக் கொதிப்பதும் ஒரு புதினமா? என் உடம்பை நம்பாமல் அந்த எண்ணை நம்பினேன்.

கச்சான் காற்று தொடங்கிய கிழமை அது. மேற்கிலிருந்து அடுப்பு வாய் திறந்த மாதிரி வீசிக்கொண்டிருந்தது. எண் முப்பத்தொன்று என்றது. மகளை இறக்கிவிட்டு நான் வீட்டுக்குத் திரும்பிச் சோற்றில் கை வைக்கவில்லை, அதற்குள் போன் வந்தது. பிள்ளை மயங்கி விழுந்துவிட்டாள் என்றார்கள். போய்த் தூக்கினேன். தோல் சட்டி மாதிரிச் சுட்டது. அங்கிருந்த கிணற்றடியில் வைத்து வாளி வாளியாய் ஊற்றி, நனைந்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினேன். பாலத்தில் வாகனங்கள் நெரிபட்டு நின்றபோது அந்த எண்ணைப் பார்த்தேன். அப்போதும் முப்பத்தொன்று. உடைத்துக் கீழே வாவிக்குள் எறியலாம் போல ஆத்திரம் வந்தது.

பிள்ளை தப்பிவிட்டாள். அவள் வீட்டுக்கு வந்த மறுநாளே காரைத் தம்பியின் கராஜுக்குக் கொண்டுபோனேன்.

"டேய், இந்த எண் பொய் சொல்லுது. என்னெண்டு பார்."

அவன் எட்டியும் பார்க்கவில்லை. "கார் நிண்டா எண் மாறாதுக்கா. ஓடினாத்தான் மாறும். பழைய எண்தான் நிண்டிரிக்கி."

"நான் என்ன, காரைத் தள்ளிக்கிட்டா வந்தன்? ஓடிக்கிட்டுத்தானே வாறன்."

"அப்ப சென்சர் பழுதாகியிரிக்கும். விடுங்க, மறுகா பாப்பம்."

"மறுகா எண்டா எப்ப? பிள்ளை செத்த பிறகா?"

அவன் ஒரு லொறிக்குக் கீழே புகுந்துகொண்டான். என் முகத்தைப் பார்க்காமல் பேசுகிற பழக்கம் அவனுக்கு முன்பு இருந்ததில்லை. அது எனக்கு உறுத்தியது. காரை எடுத்துக்கொண்டு நகரத்திலுள்ள ஒரு ஓட்டோ எலக்ரிசியனிடம் போனேன். வாய் கொடுத்தால் கடிக்கிற மனிதர். "உங்கட தம்பி கராஜ்காரன்தானே, என்னத்துக்கு இவடத்த வந்தீங்க?" என்றுதான் வரவேற்றார்.

முதலில் ஒரு வெப்பமானியை நிழலில் தொங்கவிட்டார். அது முப்பத்தைந்து காட்டியது. என் கார் முப்பது என்றது. பிறகு பம்பரைத் தளர்த்தி, ரேடியேட்டருக்கு முன்னால் செருகியிருந்த சென்சரைக் கழற்றினார். அவரைக் கொட்டை அளவுதான் இருந்தது. இவ்வளவு நாளும் என் பிள்ளையின் உயிரை இந்தக் கொட்டையிடமா கொடுத்து வைத்திருந்தேன் என்று நினைக்க எனக்கே வெட்கமாக இருந்தது.

"சூடு கூடக்கூட இதுக்குள்ள தடை குறையும். அதை அளந்துதான் கார் எண்ணைக் காட்டுது" என்றவர், அதை ஐஸ் தண்ணீரில் வைத்து மீட்டரால் பார்த்தார். உள்ளங்கைக்குள் பொத்திவைத்தும் பார்த்தார். மீட்டர் ஒழுங்காக ஏறி இறங்கியது. "சென்சரில ஒரு பிழையும் இல்ல. வயரைப் பாப்பம்."

வயரின் இரண்டு முனைகளிலும் மீட்டரை வைத்தார். வெறும் வயரென்றால் தடை பூச்சியத்துக்குக் கிட்ட நிற்க வேண்டுமாம். நிற்கவில்லை. உப்புக் காற்றுக்கு வயர் களிம்பு பிடித்திருக்கும் என்று முணுமுணுத்தபடி தடவிக்கொண்டே போனவரின் விரல், புதிதாகச் சுற்றிய கறுப்பு டேப்பில் நின்றது. அதை உரித்தார். உள்ளே நெல்மணி அளவில், கோடு கோடாய் நிறம் போட்ட ஒரு சாமான் ஒட்டவைக்கப்பட்டிருந்தது.

"இது பழுதில்ல தங்கச்சி. ஆரோ தெரிஞ்சு வச்ச வேலை. வழியில தடையைக் கூட்டினா, வெளியில குளிரெண்டு கார் நம்பிரும்." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "பம்பர் கழட்டின ஆள் ஆரு?"

அவர் அதை வெட்டி எடுத்து வயரைச் சேர்த்துத் தந்ததும், நேரே தம்பியிடம் போனேன். வேலையாட்களுக்கு முன்னாலேயே அந்த நெல்மணியை அவன் முகத்தில் எறிந்தேன்.

"வேலியே பயிரை மேயிறதாடா? தாய்மாமன் செய்யிற வேலையா இது?"

அவன் மறுக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. "ஓம், நான்தான் வச்சன். பிள்ளைய அடைச்சு வச்சு வளக்கிறீங்க. அவள் மனிசியா, ஐசில போட்ட மீனா?"

"செத்துப்போயிருப்பாளேடா!"

"அவள்தான் வந்து அழுதாள். மாமா, அந்த எண்ணைக் கொஞ்சம் குறைச்சு விடுங்க எண்டு கேட்டாள். நான் என்ன செய்ய?"

அறைந்துவிட்டேன். அறைந்த கை வீடு வரும் வரை எரிந்தது. அதைவிட எரிந்தது, அவள் கேட்டாள் என்ற சொல்.

மகளோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம், "ஏறு காரில" என்றேன். அவள் ஏன் என்று கேட்காமல் பையை எடுத்துக்கொண்டு ஏறினாள். வகுப்பு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். எண் முப்பத்தி நாலு.

"பார். வடிவாக் கண்ணைத் திறந்து பார். இதுதான் உண்மை. மாமனும் மருமகளும் சேந்து என்ர கண்ணைக் கட்டினீங்க."

அவள் எண்ணைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "எனக்கு எப்பவும் தெரியும்மா. ஒவ்வொரு நாளும் போன்ல உண்மையான சூட்டைப் பாத்திட்டுத்தான் இறங்கினன். அந்த எண்ணைக் குறைச்சது எனக்கில்ல. உங்களுக்கு."

நான் கத்தினேன். "பொணம் மாதிரிக் கிடந்தியேடி! உன்னைத் தூக்கினது நான்!"

"ஓம், விழுந்தன். அண்டைக்குத் தண்ணி முடிஞ்சிட்டு, எழும்பிப் போகக் கூச்சப்பட்டு இருந்திட்டன். இனி இருக்கமாட்டன்." பைக்குள்ளிருந்து போத்தலை எடுத்துத் துணியை நனைத்து, பிழியாமலே கழுத்தில் சுற்றிக்கொண்டாள். சட்டை முழுக்க நனைந்தது. வாசலில் நின்ற பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் அதைக் கணக்கெடுக்கவில்லை. "முப்பத்தி நாலு. இப்ப நீங்களும் பாத்திட்டீங்க. நான் போறன்."

கதவைப் பூட்டுகிற பொத்தான் என் விரலுக்குக் கீழேதான் இருந்தது. ஒரு அமத்து அமத்தியிருக்கலாம். அவளும் அதைப் பார்த்தாள், பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தாள்.

"விழுந்தியெண்டா தூக்க நான் வரமாட்டன்! சொல்லிப்போட்டன்!" என்று தெருவெல்லாம் கேட்கக் கத்தினேன்.

"வருவீங்க" என்றாள், திரும்பாமலே.

வகுப்பு முடியும் வரை நான் காரை அந்த வாசலை விட்டு எடுக்கவில்லை.