என் மேல் மாமியார் போட்ட மனு

சபையாருக்கு வணக்கம். நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நான் மின்னணுவியல் டிப்ளமோ படித்தவள். எண் போடாமல் எனக்குச் சொல்ல வராது.

1. நான் மலேசியாவில் பிறந்தவள். பாஸ்போர்ட்டும் அந்த நாட்டுடையது. கொள்ளுத்தாத்தா திருவிடைமருதூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனவர்.

2. அதே பக்கத்துக் குடும்பம் ஒன்றில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். இந்தியரின் மனைவி என்ற முறையில் விசா கிடைத்தது.

3. மகள் ஜெமிமா தஞ்சாவூரில் பிறந்தாள். அவள் இந்தியக் குடிமகள்.

4. ஏழாம் வருடம் எனக்கும் கணவருக்கும் விவாகரத்து ஆனது. காரணத்தைக் கர்த்தரிடம் சொல்லிவிட்டேன். இங்கே வேண்டாம்.

5. பிள்ளை தாயிடம் இருக்கலாம், ஆனால் அனுமதியில்லாமல் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

6. மனைவி என்ற தகுதி போனதால் விசாவும் போயிற்று, முப்பது நாளில் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று வெளிநாட்டவர் பதிவு அலுவலகம் கடிதம் அனுப்பியது.

ஐந்தையும் ஆறையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். பிள்ளை போகக் கூடாது. தாய் இருக்கக் கூடாது.

கடிதம் வந்த அன்று சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஐந்து வயது ஜெமிமா வந்து பார்த்தாள். பசிக்கிறதா என்று கேட்டாள். அவளுக்குத் தெரிந்த துக்கம் அது ஒன்றுதான். அவளை விட்டுவிட்டு நான் எப்படி விமானம் ஏறுவேன்?

வழக்கறிஞர் ஒரு வழி சொன்னார். இந்தியப் பிள்ளையை வளர்க்கும் தாய் என்று காட்டி விசாவை நீட்டிக்கக் கேட்கலாம். ஒரே நிபந்தனை, இதுவரை இந்த நாட்டின் சட்டத்தை நான் எங்கேயும் மீறியிருக்கக் கூடாது. மனு கொடுத்தேன். முடிவு வரும்வரை இருக்கலாம் என்றார்கள். நான் எதையும் மீறியதில்லை என்று நிம்மதியாக இருந்தேன்.

ஆனால் நம் ஊர்க்காரர்களின் அன்பை நான் கணக்கில் எடுக்கவில்லை. என்னை வெளிநாட்டுக்காரி என்று இங்கே யாரும் ஒப்புக்கொள்வதில்லை. கொள்ளுத்தாத்தாவின் பெயரைச் சொன்னால் போதும், எந்தத் தெரு, எந்த வகையறா என்று சொல்லி என்னைச் சொந்தமாக்கிக்கொள்வார்கள். அப்படித்தான் நம் சபைச் செயலர் எனக்காக ஒரு நற்சான்றுக் கடிதம் எழுதினார். 'இவர் எங்கள் ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர் என்பதை மகிழ்ச்சியுடன் சான்றளிக்கிறேன்' என்று எழுதி, முத்திரை குத்தி, பதிவுத் தபாலில் நேராக அலுவலகத்துக்கே அனுப்பிவிட்டார். ஐயா, நான் பிறந்தது மலேசியாவில் ஆயிற்றே என்று பதறினேன். அவர் என்னைத் தேற்றினார்.

"அதை எழுதுனா உனக்குத்தாம்மா பாதகம்."

அந்தக் கடிதத்தைப் பார்த்த அதிகாரிக்குச் சந்தேகம் வந்தது. வெளிநாட்டுக்காரி எப்படி இங்கே பிறந்தாள் என்று தோண்டினார். தோண்டியதில் மாமியார் வீட்டு ரேஷன் அட்டை கிடைத்தது. அதில் என் பெயர் இருந்தது.

அது எப்படி ஏறியது என்று எனக்குத் தெரியும். அரசாங்கம் இலவச மிக்ஸியும் மின்விசிறியும் கொடுத்த காலத்தில் கட்சியின் கிளைச் செயலாளர் வீடுவீடாக வந்து தலை எண்ணினார். நான் வேறு நாட்டுக் குடிமகள், என்னைச் சேர்க்காதீர்கள் என்றேன். மலேசியாவில் இருப்பவர்களும் தமிழர்கள்தானே என்று சிரித்துக்கொண்டே எழுதிப்போனார். அட்டை வந்துவிட்டது. பெயரை எடுக்கச் சொல்லி அத்தையிடம், அதாவது மாமியாரிடம், கேட்டுக்கொண்டே இருந்தேன். எடுக்கவில்லை.

இந்தியக் குடிமகள் போல நடித்ததாக முடிவானால் விசா கிடையாது என்றார் அதிகாரி. அதோடு, திரும்ப இந்த நாட்டுக்குள் நுழையவே முடியாமல் போகலாம். பிள்ளையைப் பார்க்க வரவும் முடியாது.

அந்த வாரம் ஜெபக் குறிப்பு எழுதினேன். மொத்தம் ஒன்பது விண்ணப்பங்கள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் சகோதரிகள் எனக்காக மன்றாடினார்கள். முதல் இரண்டு வாரம் நானும் கணவரும் மறுபடி சேர வேண்டும் என்றே மன்றாடினார்கள். அது என் பட்டியலில் இல்லை என்று பணிவாகச் சொன்னேன். சரி, இரண்டுக்கும் ஜெபிப்போம் என்றார்கள். என் பட்டியலின் ஒன்பதாவது விண்ணப்பத்தை யாரிடமும் காட்டவில்லை. விசாரணைக்கு அத்தையை அழைத்திருந்தார்கள், அட்டையில் குடும்பத் தலைவி அவர்தான். 'கர்த்தாவே, அன்று ஒரு நாள் மட்டும் அத்தையின் வாயைக் கட்டும்.' இதுதான் அந்த விண்ணப்பம்.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாய்க்கால் ஓரத்து ஒரு ஏக்கர் நஞ்சைக்காகப் பங்காளிகளோடு நான் வருவதற்கு முன்பிருந்தே வழக்கு நடத்துபவர். வரப்பை யாராவது ஒரு சாண் வெட்டினால் அன்று மாலையே மனு போடுவார். நகல் எடுப்பார், பதிவுத் தபாலில் அனுப்புவார், ஒப்புகை அட்டை திரும்பி வரும்வரை தபால்காரரை விடமாட்டார். எல்லாம் ஒரு இரும்புப் பெட்டியில் இருக்கும். பேத்தி தன் வீட்டில் வளர வேண்டும் என்பது அவர் ஆசை. எனக்கு எதிராகச் சொல்லத்தான் அவர் வந்தார்.

புதன்கிழமை காலை விசாரணை. அதிகாரி இன்னும் கேட்டே முடிக்கவில்லை. கர்த்தர் அத்தையின் வாயைக் கட்டவில்லை.

"இவ வெளிநாட்டுக்காரிதாங்க. நாலு வருஷத்துக்கு முன்னாடியே எழுதிக் குடுத்தேன், இவ பேரை எடுங்கன்னு. யாராச்சும் காதுல வாங்குனீங்களா?"

அதற்கு அத்தாட்சி இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார். அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்கிட்டயா கேக்குறீங்க?"

மஞ்சள் பையிலிருந்து மனுவின் நகலும் ஒப்புகை அட்டையும் வெளியே வந்தன. வெளிநாட்டுக்காரியின் பெயர் அட்டையில் இருந்தால் நிலம் அரசாங்கத்துக்குப் போய்விடும் என்று ஒரு பங்காளி அவரை மிரட்டியிருக்கிறான். அந்தப் பயத்தில் ரேஷன் அலுவலகத்துக்குப் போட்ட மனு. அதிகாரி அதை வாய்விட்டே படித்தார். 'மேற்படி மருமகள், தான் வெளிநாட்டுப் பிரஜை என்றும், தன் பெயர் அட்டையில் இருக்கக் கூடாது என்றும் தினமும் என்னிடம் சொல்லி என் நிம்மதியைக் கெடுத்து வருகிறார்.'

அவர் நிமிர்ந்தார். "தினமும் சொன்னீங்களாம்மா?"

"வாரத்துக்கு ஒரு தடவை சார்."

"தினமும்தான்," என்றார் அத்தை, கொஞ்சமும் விட்டுக்கொடுக்காமல்.

நான் எதையும் மறைக்கவில்லை என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே எழுத்துச் சாட்சி அது. என்னைப் பிடிக்காத ஒருவர் எழுதியது. அதனால்தான் அதிகாரி அதை அப்படியே நம்பினார். என் ஒன்பதாவது விண்ணப்பத்தைக் கர்த்தர் கேட்டிருந்தால் நான் இன்று கோலாலம்பூரில் இருந்திருப்பேன்.

பேருந்து நிறுத்தத்தில் அத்தை என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நான் உனக்கு எதிராத்தானே பேசுனேன்?"

"ஆமா அத்தை."

"அப்புறம் ஏன் அந்த ஆளு உன்னைப் பாத்துச் சிரிச்சாரு?"

பெட்டி நிறையக் காகிதம் வைத்திருப்பவர் அந்த ஒன்றை மட்டும் எப்படி எடுத்து வந்தார் என்று நான் கேட்கவில்லை. பேத்தி சரியாகச் சாப்பிடுகிறாளா என்று விசாரித்துவிட்டுப் பேருந்து ஏறினார்.

சபைச் செயலரும் வேறு கடிதம் கொடுத்தார். 'மலேசியாவில் பிறந்தவர் என்பதை வருத்தத்துடன் சான்றளிக்கிறேன்.'

முன்பெல்லாம் என்ன வேண்டும், எந்த வரிசையில் வேண்டும், யார் மூலம் வேண்டும் என்றுகூடக் கர்த்தருக்கு எழுதிக் கொடுப்பேன். இப்போது தேவையை மட்டும் சொல்கிறேன். வழியை அவருக்கு விட்டுவிடுகிறேன். உங்களில் யாருக்காவது எல்லாக் கதவும் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டது போல இருந்தால், நீங்களும் அவரிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டுக் காத்திருங்கள். உதவி யார் வாயிலிருந்து வரும் என்று நாம் தீர்மானிக்க வேண்டாம். அவருக்கே நன்றி.

இன்றைய நிலை இது. இந்தியப் பிள்ளையின் தாய் என்ற முறையில் எனக்கு ஒரு வருட விசா கிடைத்திருக்கிறது. வருடந்தோறும் புதுப்பிக்க வேண்டும். ஜெமிமா ஒன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அப்பா வீட்டுக்குப் போய்விட்டு, மாலை ஆறு மணிக்கு என்னிடம் திரும்பி வருகிறாள்.