கிளிக் கூண்டடியில் முளைத்த கம்பு

நான் உத்திரமேரூர் பக்கம் வாக்கப்பட்டு வந்தப்ப அம்மா வூட்டுலேர்ந்து கூடவே வந்தது என் கிளி ஒண்ணுதான். புது வூட்டுல என்கிட்ட வாய் ஓயாம பேசினதும் அதுதான். கம்பிக் கூண்டைக் கொய்யா மரத்துல மாட்டி, வேளாவேளைக்குக் கம்பு வைப்பேன். வச்ச கையோட கிண்ணம் காலி! ஆனா நெஞ்செலும்பு மட்டும் துருத்திக்கினு நிக்கும். "தின்றதெல்லாம் எங்கடி போவுது?"ன்னு அதைக் கிண்டல் பண்ணுவேன்.

ஆடி மாசம் நாலு தூறல் விழுந்ததும் கூண்டுக்கு அடியில கம்பு முளைச்சது, பச்சைப்பசேல்னு. ஏதோ சிந்தினதுன்னு நெனச்சேன். மாமியார் அசந்துபோய்ட்டாங்க. "கல்யாணத்துல வெதைக்கிற பாலிகை நல்லா மொளைச்சா வூடு வெளங்கும்பாங்க. உன் கிளியே பாலிகை போட்டுகீது பாரு! சீக்கிரம் தொட்டில் கட்டணும்டி!" அன்னிலேர்ந்து அங்க துடைப்பம் படக்கூடாது. வெள்ளிக்கிழமையானா தண்ணி தெளிச்சுக் கற்பூரம் காட்டுவாங்க. அவங்க என்கிட்ட சிரிச்சுப் பேசினதே அப்பதான். எனக்குத் தலகால் புரியல.

ஒருநாள் கிளி குச்சியிலேர்ந்து தொப்புன்னு விழுந்துச்சு. கால் நடுங்குது, திரும்ப ஏற முடியல. பசுவுக்கு ஊசி போட வந்த மாட்டாஸ்பத்திரி டாக்டரைக் கையோட இழுத்துக்கினு வந்தேன். கம்பியில ஒட்டியிருந்த எச்சத்தை அவர் ஈர்க்குச்சியால கிளறினார். உள்ள முழுசு முழுசா கம்பு.

"தின்னது அப்படியே வெளிய வருதும்மா. இரைப்பை நரம்பு செத்துப்போச்சு. சில வியாதியில உடம்பே தன் நரம்பைப் பகையாளின்னு நெனச்சு அடிக்கும். இது அப்படித்தான் தெரியுது, காலுக்கும் எறங்கிடுச்சு. உன் கிளி பட்டினி கெடக்குதும்மா."

பட்டினியா! நாள் பூரா தின்ன கிளியா! கீழ பார்த்தேன். அந்தப் பச்சை ஒண்ணும் சிந்தின கம்பு இல்ல. அத்தனையும் அது வயித்துல தங்காத சோறு.

"மருந்து இல்லீங்களா?"

"தீர்க்குற மருந்து இல்ல. கூழா காய்ச்சிக் கொஞ்சங்கொஞ்சமா குடு. குச்சியைத் தாழக் கட்டு. விழுந்தா அடிபடாம துணி போடு. ஓடுற வரைக்கும் ஓடட்டும்."

பின்னாடி நின்னு கேட்டுக்கினு இருந்த மாமியார் குனிஞ்சு, ரெண்டு கையாலயும் அந்தப் பச்சையை வேரோட பிடுங்கினாங்க. "அடிப்பாவி! அது சோத்துக்குச் சாவுது, நான் கற்பூரம் காட்டிக்கினு கீறேனே!"ன்னு தலையில அடிச்சுக்கினாங்க. அப்புறம் அவங்களே கம்பை இடிச்சுச் சலிச்சுக் கூழ் காய்ச்சினாங்க.

பொங்கல் வரைக்கும் கிளி இருந்தது. கொய்யா மரத்தடியிலயே புதைச்சோம். அதுக்கப்புறம் அந்த எடத்துல ஒரு புல் தலை தூக்கினாக்கூட மாமியார் விடமாட்டாங்க, பிடுங்கி வேலிக்கு அப்பால எறிஞ்சிடுவாங்க.