கண் திறக்காத நாணயம்

பர்கூர் சிற்பி திம்மராயன் செய்த சாமியைக் கும்பிட வருகிறவர்கள், பக்கத்தில் நிற்கிற அவரைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, சாமி மறைக்குது" என்பார்கள். அவருக்கு அது பழகிப்போன பேச்சுதான். ஆனாலும் உள்ளுக்குள் ஓர் ஆசை அரித்துக்கொண்டே இருந்தது. சாமியைப் பார்த்தவர்கள் ஒரு தடவையாவது தன் மூஞ்சியையும் பார்க்க வேண்டும்.

எண்பத்தெட்டாம் வருஷம் ஆண்டவன் அதைக் காதில் போட்டுக்கொண்டான். அவர் செய்த முனீஸ்வரன் சிலையைக் கண்டு பூரித்துப்போன பாகலூர்க் கோயில் கமிட்டி, கும்பாபிஷேகத்தன்று வருகிறவர்களுக்கெல்லாம் பித்தளையில் ஒரு நினைவு நாணயம் கொடுப்பதென்று தீர்மானித்தது. ஒரு பக்கம் முனீஸ்வரன், மறுபக்கம் திம்மராயன். அன்றிலிருந்து அவர் மீசைக்கு விளக்கெண்ணெய் தடவ ஆரம்பித்தார்.

ஓசூரில் பிரஸ் பட்டறை வைத்திருந்த குலாம் ரசூல் அதற்கான இரும்பு அச்சை வெட்டினார். வேலை முடியும் தறுவாயில் சிற்பியை வரவழைத்து, அச்சைக் களிமண்ணில் அழுத்திக் காட்டினார். மூக்கும் மீசையும் அச்சு அசலாக விழுந்திருந்தன. திம்மராயன் சொக்கிப்போனார்.

"கண்ணு மட்டுந்தான் பாக்கிண்ணே. வெட்டிரட்டுமா?"

"கண்ணுல கைய வெக்காத பாய். அது கடைசியாத்தான் திறக்கணும். நல்ல நாள் பாத்து, சிற்பி கையாலதான் திறக்கணும்."

முப்பது வருஷம் சாமி சிலை செய்த வாய், தானாகச் சொல்லிவிட்டது. இது தன்னுடைய மூஞ்சி, சாமி இல்லை என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. அடுத்தவர் சம்பிரதாயத்தில் நாம் ஏன் தலையிடுவது என்று குலாம் ரசூலும் மரியாதையாக விட்டுவிட்டார். கண்ணை வெட்டாமலே அச்சைச் சூடேற்றி இறுக்கி, நாணயங்களை அடித்தே முடித்துவிட்டார்.

கும்பாபிஷேகத்துக்கு முதல் நாள் காலை, கமிட்டித் தலைவர் முனிவேல் நாணய மூட்டையோடு சிற்பி வீட்டில் வந்து இறங்கினார்.

"என்னா சிற்பியாரே இது? கண்ணு இருக்கற எடத்துல உரிச்ச நுங்காட்டம் இருக்குது. குருடன் செஞ்ச சாமின்னு ஊரு சிரிக்காதா? நாளைக்கு இத எப்படிக் குடுக்கறது?"

திம்மராயன் பாய் மேல் பழியைப் போடப் பார்த்தார். பொய் சொல்ல நாக்கு எழவில்லை. இறுகிய அச்சில் இனி உளியும் ஏறாது.

"நான் செஞ்ச வினை. நானே திறந்துடறேன்."

அன்று பொழுது முழுக்க நடையில் உட்கார்ந்து, ஊசி உளியால் ஒவ்வொரு நாணயத்திலும் கண் திறந்தார். மனைவி சென்னம்மா குறட்டால் பிடித்துக்கொண்டாள்.

"முனீஸ்வரனுக்குத் திறக்கறப்ப கை இப்படி ஆடலியே?"

"அது சாமி. இது நானு. பயமா இருக்குதுடி."

ஒன்று முறைத்தது. ஒன்றுக்கு மாறுகண். ஒன்று கள்ளுக்கடையிலிருந்து வருகிற மாதிரி சொக்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் கோயிலில் தமிழும் தெலுங்கும் கன்னடமுமாக ஒரே சிரிப்பு. "என்னுது மொறைக்குது, உன்னுது?" என்று மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள், எது சரியான கண் என்று தெரிந்துகொள்ள வரிசையாக வந்து சிற்பியின் மூஞ்சியையே உற்றுப் பார்த்தார்கள். பூக்கட்டும் நஞ்சம்மா அவர் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"காசுல இருக்கறவன் உன்னைவிடக் கொஞ்சம் புத்திசாலியாத் தெரியறான்ப்பா."

"ஆமாங்கம்மா," என்றார் திம்மராயன். "அவன் வாயத் திறக்கறதில்லையே."