வேலமரத்தில் இல்லாத குருவி

பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே மலையடிவாரக் காட்டில் ஞாயிறுதோறும் காலையில் பறவை பார்க்கப் போகும் குழுவில் எனக்கென்று ஒரு வேலை உண்டு. குளிர்காலத்தில் வரும் கதிர்க்குருவியை முதலில் காதால் பிடித்துச் சொல்வதுதான் அது. வடக்கேயிருந்து வரும் சின்னஞ்சிறு பச்சைக் குருவி. இலைக்குள் இருந்தால் கண்ணில் படாது, மெல்லிய கீச்சுக்குரல்தான் அடையாளம். பல வருடங்களாக அதை முதலில் கேட்பவன் நான்தான். அதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு, மறைப்பானேன்.

போன ஐப்பசியில் டாக்டர் என் காதைச் சோதித்துவிட்டு, கீச்சென்ற சத்தமெல்லாம் இனி கேட்காது, வயதானால் இப்படித்தான் என்றார். வீட்டில் சொன்னேன். குழுவில் மூச்சு விடவில்லை.

மார்கழியில் ஒரு ஞாயிறு, புதிதாக ஒரு பெண் வந்திருந்தார். கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டுபவர், நாற்பது வயதிருக்கும். விடியும் முன்பே கிளம்பி இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். எந்தக் குருவியைக் காட்டினாலும், "அட, இத்தனூண்டு!" என்று முகம் மலர்ந்தது.

வழக்கமான வேலமரத்தடிக்கு வந்தோம். எல்லோரும் நின்று என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதைச் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? கையைத் தூக்கி, "கேக்குதுங்களா? வந்துட்டானுங்க!" என்றேன். ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள்.

அந்தப் பெண் மட்டும் கண்ணை மூடிக் கவனித்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் கேக்கலீங்களே" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "காதுல பஞ்சு வெச்சுட்டு வந்துட்டீங்களா அம்மணி?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு தணிந்த குரலில், "இருவது வருசமாத் தறிச் சத்தத்துலயே நிக்கறனுங்க. காது மந்தமாயிருச்சாட்டங்க" என்றார்.

நான் ஒளித்து வைத்திருந்த குறையை அவர் அத்தனை பேர் முன்னால் தன்மேல் போட்டுக்கொண்டார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நோட்டை எடுத்து 'கதிர்க்குருவி, ஒன்று' என்று எழுதினேன். அதன்பின் அவர் எல்லோருக்கும் பின்னால் நடந்து வந்தார்.

திரும்பும்போது குழுவின் பழைய நண்பர் ஒருவர் என் பக்கம் ஒதுங்கி வந்தார். "ஏனுங்க, நெசமாவே கேட்டுதுங்களா? நீங்க சொன்னீங்கன்னு நானும் தலையாட்டிப்போட்டேன்."

"காதுன்னு ஒண்ணு இருந்தாக் கேக்குமுங்க" என்று அவர் வாயையும் அடைத்தேன். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

புதன்கிழமை அந்தப் பெண் எங்கள் வாட்ஸப் குழுவில் பேசி அனுப்பியிருந்தார். "எல்லாருக்கும் வணக்கமுங்க. எனக்குக் காது சரியில்லீங்க. நின்னு கேக்கற எடத்துல நான் ஒருத்தி எடஞ்சலா இருக்க வேண்டாமுங்க. அந்தப் பச்சைக் குருவிய நீங்கெல்லாம் நல்லாக் கேளுங்க." அத்தோடு குழுவைவிட்டு விலகிவிட்டார்.

அவருடைய எண் என்னிடம் இருந்தது. உங்கள் காது நல்ல காது, அன்றைக்கு ஒழுங்காகக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான் என்று தட்டினேன். இரண்டு முறை படித்துப் பார்த்தேன். அழித்துவிட்டு, 'பரவாயில்லீங்க' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கும்பிடும் கையைப் போட்டு அனுப்பினேன்.