ஒரு கை மட்டும் உயர்ந்தபோது

போன வருஷம் தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்தது இது. லிட்டில் இந்தியாவில், கார் போகாத ஒரு சின்னத் தெருவில் எனக்குப் பாட வாய்ப்பு கிடைத்திருந்தது.

வாரநாளில் தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மற்ற நேரமெல்லாம் பாட்டுதான். பாசிர் ரிஸ் வீட்டில் மெத்தையைச் சுவரில் சாய்த்துவைத்து, சத்தம் வெளியே போகாமல் நானே பதிவு செய்து இணையத்தில் போடுவேன். கேட்கிறவர்கள் ஆட வேண்டும், ஆடி முடித்த பிறகு ஏதோ ஒரு நல்ல விஷயம் மண்டையில் தங்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

அப்படி எழுதியதுதான் பக்கவாதப் பாட்டு. கேலாங்கில் இருந்த என் சித்தப்பா ஒரு நாள் சாப்பிடும்போது கை மரத்துப்போகிறது என்றார். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் படுத்தார். எழுந்திருக்கவே இல்லை. அந்தத் துக்கத்தை அப்படியே பாடினால் யார் கேட்பார்கள்? குத்துப் பாட்டாகவே போட்டுவிட்டேன்.

‘சிரிச்சுக் காட்டு மச்சான், வாய் கோணுதா பாரு,
கையத் தூக்கு மச்சான், ஒண்ணு எறங்குதா பாரு,
பேரச் சொல்லு மச்சான், நாக்கு கொழறுதா பாரு,
ஒண்ணு தப்புன்னாலும் ஆம்புலன்ஸக் கூப்பிடு!’

அன்றைக்கு ஆரம்பமே சரியில்லை. எங்கள் ஸ்பீக்கர் நின்ற இடத்துக்கு நேர் எதிரே பயணப் பெட்டி விற்கும் ஒரு கடை. கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். நான் மேடையேறப் போகும் நேரத்தில் வேகமாக வந்தார்.

“என்னமா இது? கஸ்டமர் சொல்றது என் காதுல விழ வேணாமா லா? தீபாவளிக்கு ஊருக்குப் போறவங்க வாங்குற நேரம். நீங்க பாடிட்டுப் போயிருவீங்க, எங்க பொழப்பு?”

மன்னிப்புக் கேட்டு ஸ்பீக்கரைக் கொஞ்சம் திருப்பி வைத்தேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். பாடுகிற நேரம் பூராவும் என் கண் அந்தக் கடை வாசலுக்கே போய்க்கொண்டிருந்தது.

மூன்றாவதாக இந்தப் பாட்டு. என்னோடு வாசிக்கும் தோழி டோலக்கைத் தட்டியதுமே கூட்டம் நெருங்கி வந்தது. கையைத் தூக்கச் சொன்னேன், தெருவே கையைத் தூக்கியது. கடை வாசலில் கடைக்காரரின் மனைவி இரண்டு கையையும் உயர்த்தி ஆடிக்கொண்டு, பக்கத்தில் நின்ற கணவரையும் இடித்தார். அவரும் தூக்கினார். ஒரு கை மட்டும்தான் மேலே போனது. இன்னொன்று பாதி வரை வந்து விழுந்தது. உதட்டின் ஒரு பக்கம் மட்டும் மேலேறியிருந்தது.

என்னைக் கிண்டல் செய்கிறார் என்றுதான் நினைத்தேன். சுருக்கென்று கோபம் வந்தது. முறைத்துக்கொண்டே அடுத்த வரியைப் பாடினேன். அவர் மனைவியும் சிரித்து, அவர் தோளில் ஒரு தட்டு தட்டினார்.

அவர் மறுபடியும் கையைத் தூக்கப் பார்த்தார். வரவில்லை. தன் கையையே குனிந்து பார்த்தார், அது வேறு யாருடைய கையோ என்பது போல.

அது கிண்டல் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மைக்கைக் கையில் பிடித்தபடியே மேடையிலிருந்து இறங்கி ஓடினேன். டோலக் நிற்கவில்லை. இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது, ஃபோனைத் தூக்கிப் படம் எடுத்தது.

“இது பாட்டு இல்ல! நிஜமாவே அங்கிளுக்கு முடியல, ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க!” என்று மைக்கில் கத்தினேன். அதற்கும் சிலர் விசிலடித்தார்கள்.

“ஒண்ணும் இல்லமா, காலையிலேர்ந்து சாப்பிடல அவரு, சுகர் எறங்கியிருக்கும்” என்றார் மனைவி. பக்கத்துக் கடைக்காரர் இனிப்பாக ஒரு டீயோடு ஓடி வந்தார். நான் அந்தக் கோப்பையைத் தள்ளிவிட்டேன். “குடுக்காதீங்க, விக்கிக்கும்” என்றேன். எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். உள்ளுக்குள் எனக்கே சந்தேகம்தான். வெறும் பசி மயக்கமாக இருந்தால்? இவ்வளவு பேர் முன்னால், அத்தனை ஃபோனுக்கு முன்னால், ஒரு பெரிய மனுஷரை அசிங்கப்படுத்தியவள் ஆகிவிடுவேனே!

“அங்கிள், உங்க பேரச் சொல்லுங்க” என்று கேட்டேன்.

வேலையைப் பாரு என்று சொல்ல வந்தார் போலிருக்கிறது. “வேய... வேய...” என்றுதான் வந்தது. அந்தக் குரலை அவரே கேட்டுவிட்டார். சற்று முன்பு என்னை விரட்டிய அந்தக் கண்களில் அப்படி ஒரு பயம். நல்லாயிருந்த கையால் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் தெரு அடங்கியது. என் தோழி ஏற்கெனவே ஆம்புலன்ஸுக்கு ஃபோன் பேசிக்கொண்டிருந்தாள். “கடைசியா எப்ப நல்லா இருந்தாருன்னு கேக்குறாங்க!” என்று கத்தினாள். மனைவிக்குத் தெரியவில்லை, அந்த நேரத்தில் அந்த அம்மா கடைக்குள்ளே வியாபாரத்தில் இருந்திருக்கிறார். எனக்குத் தெரிந்தது. நாங்கள் மேடையேறும்போது என்னிடம் சண்டை போட்டாரே, ஒரு வார்த்தை பிசகாமல்! அதையே அவளிடம் கத்திச் சொன்னேன்.

ஆம்புலன்ஸ் வந்தது. மனைவி அவரோடு ஏறிக்கொண்டார். கதவு மூடும்போது, “நீயும் வாம்மா, தனியா எனக்குப் பயமா இருக்கு” என்றார். டாக்ஸி பிடித்துப் பின்னாலேயே போனேன்.

ஆஸ்பத்திரியில் அந்த அம்மாவும் நானும் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். அவர் உதடு துவா ஓதிக்கொண்டே இருந்தது. இடையில், “உன்னத் திட்டிக்கிட்டே இருந்தாரும்மா” என்று சொல்லி அழுதார். எனக்கு சித்தப்பா படுத்திருந்த அறை ஞாபகம் வந்து, எழுந்து போய்விடலாமா என்று இருந்தது.

ஸ்கேன் முடிந்து ஒரு டாக்டர் வந்தார். மூளையில் ரத்தக் கட்டி அடைத்திருக்கிறது, அதைக் கரைக்க மருந்து இருக்கிறது, நேரத்தோடு வந்ததால் போடலாம், ஆனால் சிலருக்கு அதனாலேயே மூளையில் ரத்தம் கசியவும் கூடும் என்று விளக்கினார். அவர்களுடைய மகள் ஜூரோங்கிலிருந்து கிளம்பி வந்துகொண்டிருந்தார், ஃபோனை எடுக்கவில்லை.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லும்மா. உனக்குத்தான் இதெல்லாம் தெரியும். போடலாமா?”

என் வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை. எனக்குத் தெரிந்தது நாலு வரிப் பாட்டு. அதற்கு அடுத்த வரி என்னிடம் இல்லை.

“ஆன்ட்டி, ஆம்புலன்ஸக் கூப்பிடுற வரைக்கும்தான் எனக்குத் தெரியும். இதுக்கு மேல டாக்டரத்தான் கேக்கணும்” என்றேன். அவர் டாக்டரிடம் திரும்பி, “உங்க சொந்த அண்ணனா இருந்தா என்ன செய்வீங்க?” என்று கேட்டார். டாக்டர் கொஞ்சம் யோசித்து, “போடுவேன்மா” என்றார். “அப்ப போடுங்க” என்றார் அந்த அம்மா. சொன்ன பிறகு, மகள் வந்து சேரும்வரை என் கையை அவர் விடவே இல்லை.

கடைக்காரர் பிழைத்துக்கொண்டார். தீபாவளி எல்லாம் முடிந்து ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். வலது கை முழுசாக உயரவில்லை, பேச்சு மெதுவாக வந்தது. பிரியாணியை என் பக்கம் நகர்த்திவிட்டு, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிப் பேசினார்.

“அன்னைக்கு நீ... என்ன மொறச்சே. நான் கிண்டல் பண்ணலம்மா. பாட்டு நல்லா இருந்துச்சு. நெசமாவே... சிரிச்சேன். மூஞ்சிதான் சொன்ன பேச்சக் கேக்கல.”

தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன்.

இப்போதும் அந்தப் பாட்டைப் பாடுகிறேன், ஜனங்கள் இப்போதும் ஆடுகிறார்கள், ஆனால் எனக்கு மட்டும் கடைசிக் கை உயரும்வரை நெஞ்சு படபடக்கிறது. எதிரே ஒரு முகம் கோணினால் அது என் மேல் உள்ள கோபம் என்று நினைத்த காலம் போய், அந்த மனுஷருக்கு என்ன வலியோ என்றுதான் இன்று முதலில் பதறுகிறேன்.