பிரெஞ்சுப் பாப்பாவின் கல்லறை

அப்பாவின் முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே, அனைவருக்கும் மகளின் வணக்கம். நல்லதை மட்டும் எழுதச் சொல்லித்தான் தம்பி தாளைக் கொடுத்தான். நான் உள்ளதை எழுதுகிறேன்.

அப்பா போலகத்தில் பிறந்தார். பத்து வயதில் தகப்பனை இழந்து, சித்தாள் வேலைக்குப் போய், கொத்து மேஸ்திரியாக உயர்ந்து, தலத்தெருவில் சொந்த வீடு கட்டினார். குடி இல்லை, பொய் இல்லை. ஒரே ஒரு பைத்தியம் உண்டு: காரைக்காலின் பழைய கல்லறைத் தோட்டம். ஞாயிறு பூசை முடிந்ததும் கொத்துக் கரணையோடு அங்கே போய்விடுவார். கேட்பாரற்ற கல்லறைகளில் முளைத்த ஆலங்கன்றுகளைப் பிடுங்குவார், வெடிப்புகளுக்குச் சுண்ணாம்புக் காரை பூசுவார். என் பள்ளி ஆண்டு விழாவுக்கு வர மட்டும் அவருக்கு நேரம் இருந்ததில்லை.

அதிலும் ஒரு கல்லறை, நான் பிறப்பதற்கு வெகு முன்பே ஏழு வயதில் இறந்த பிரெஞ்சுக்காரச் சிறுமி ஒருத்தியுடையது. அவளைப் "பாப்பா" என்பார். என்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கல்லறைத் திருநாளில் முதல் மெழுகுவர்த்தி அவளுக்குத்தான். எனக்கு எரியாதா?

பதினோரு வயதில், திருநாளுக்கு எல்லாரும் வெள்ளையடிக்கும் சாக்கில், அவள் கல்லின்மேல் நான் நாலு பூச்சு சுண்ணாம்பை அப்பிவிட்டேன். செதுக்கிய எழுத்தெல்லாம் அடைபட்டு பெயரே மறைந்துபோனது. அப்பா திட்டவில்லை. ஈர்க்குச்சியால் எழுத்து எழுத்தாகச் சுரண்டினார்.

"பேரு மூடிப்போச்சுன்னா நாதியில்லாத கல்லறைன்னு இடிச்சிடுவாங்கம்மா" என்றார்.

ஒரு வாரம் அவளோடேயே கிடந்தார். அதற்குப் பதில் என்னை நாலு அடி அடித்திருக்கலாம்.

அப்பா இறந்த அன்று கல்லறைக் குழுத் தலைவர் குறிப்பேட்டோடு வீட்டுக்கு வந்தார்.

"புதுசா வைக்க எடமே இல்லீங்கம்மா. அந்தப் புள்ள கல்லறைக்கு உங்கப்பாதான் பொறுப்பா இருந்தாங்க. அவங்களும் போயிட்டாங்க. இனிமே வேணாம்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா, அத எடுத்துட்டு அங்கயே அப்பாவ வச்சிடலாம்."

நாற்பது வருடமாக நான் காத்திருந்த வாய்ப்பு. பேனாவை வாங்கிவிட்டேன். குறிப்பேட்டில் அவள் கல்லறைக்கான பக்கத்தில், இறந்தவர் என்ன உறவு என்ற இடத்தில், அப்பா தம் கையால் "மகள்" என்று எழுதியிருந்தார்.

அதன் கீழே என் பெயரை எழுதினேன். உறவு என்ற இடத்தில் "அக்கா" என்று எழுதினேன்.

"இதுக்கு ஆள் இருக்குங்க. அப்பாவ எங்கம்மா கல்லறையிலயே வச்சிக்கிறோம்" என்றேன்.

அப்படியே அம்மாவின் கல்லறையைத் திறந்து கொடுத்த குழுவினருக்கும், கொட்டும் மழையில் குழி வெட்டியவர்களுக்கும், கருக்களாச்சேரியிலிருந்து பூவோடு வந்த அப்பாவின் வேலைக்காலத் தோழர்களுக்கும், செபித்த பங்குத் தந்தைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

பொறாமை தீர்ந்ததா என்று கேட்பீர்கள். தீரவில்லை. அப்பாவுக்கு மூத்த மகள் என்ற ஒரு பெருமையாவது எனக்கு மிச்சம் இருந்தது. இப்போது அதையும் அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.